சுவரும் சொல்லும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் நற்செய்தி அறிவிப்பும் அதைக் கேட்டோரும்

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நடைபெற்ற கிறித்தவ மறைபரப்புப் பணியை அறிய உதவும் தமிழ்ச் சான்றுகளுள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தலையாயது. ஆய்வுலகம் அந்நூலிலிருந்து 1748ஆம் ஆண்டு வேதபுரீசுவரர் கோயில் இடிப்பை மட்டுமே மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறது. அதனால் மறைபரப்பு என்பது குருக்களுக்கும் கோயிலாருக்கும் இடையிலான மோதலாகவே சுருங்கிவிடுகிறது. 1745 அக்டோபரில் தேவாலயச் சுவர் குறித்து எழுதப்பட்ட பதிவை முதன்மைப்படுத்தி, நற்செய்தியைக் கேட்டவர்கள் அதை எவ்வாறு திருப்பிச் சொன்னார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்குறிப்பு, உபதேசியார், மறைபரப்பு, சாதி, இயேசு சபை, புதுச்சேரி.

முன்னுரை

1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு வணிகரின் கணக்குப் பார்வையும் ஒரு துபாஷியின் காதுகளும் சேர்ந்து உருவாக்கிய நூல். அது மறைந்து கிடந்து 1846இல் கண்டெடுக்கப்பட்டதும், 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்ததும் யாவரும் அறிந்தவை. மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரின் பதிப்பு 2019இல் வெளிவந்த பிறகு தமிழிலேயே முழுமையாக அணுகும் வாய்ப்பும் கிட்டியுள்ளது. ஆயினும் இந்நூலைப் பற்றிய நம் வாசிப்பு பெரிதும் பழைய தடத்திலேயே செல்கிறது. அரசியல் வரலாற்றுக்கு ஒரு சில பதிவுகள், பொருளாதார வரலாற்றுக்கு ஒரு சில பதிவுகள், சமயத்துக்கென்றால் 1748 செப்டம்பர். கருத்தரங்கக் கட்டுரைகளில் இந்த ஒதுக்கீடு ஏறத்தாழ மாறாத ஒன்றாகிவிட்டது.

1748ஆம் ஆண்டுப் பதிவின் முக்கியத்துவத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. அப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு புதுச்சேரியின் மறைபரப்பு வரலாற்றை எழுதும்போது ஒரு முழு மக்கள் பிரிவு காணாமற்போகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். நற்செய்தி அறிவித்தல் என்னும் செயலில் சொல்பவர், கேட்பவர் என இரு தரப்பு உண்டு. சொல்பவரைப் பற்றிக் கடிதங்களும் ஆணைகளும் மடல்களும் ஏராளம். கேட்பவர் வாய் திறந்து பேசும் இடம் மிகச் சில. அத்தகைய ஓரிடத்தை, அச்சமயத்தைச் சேராத ஒரு வைணவரின் கை தமிழில் எழுதி வைத்திருக்கிறது.

சொற்களின் வரலாறு

இன்று 'நற்செய்தி அறிவித்தல்' என்று நாம் வழங்கும் தொடர் கத்தோலிக்கரிடையே பரவலானது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பின்னர்தான். பூசை திருப்பலியானதும், ஞானஸ்நானம் திருமுழுக்கானதும், சர்வேசுரன் இறைவனாகவும் கடவுளாகவும் ஆனதும் அக்காலத்து மாற்றங்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இச்சொற்களை நிலைப்படுத்தியது. சீர்திருத்தச் சபையார் இன்றும் 'சுவிசேஷம்' என்றே சொல்வர். 18ஆம் நூற்றாண்டுக்குச் சென்றால் மைய இடத்தில் இருப்பது 'வேதம்' என்னும் சொல். வேதத்தில் சேர்தல், வேதம் போதித்தல், வேதக்காரர், சத்திய வேதம் என்றே அக்காலப் பேச்சு அமைந்தது. 1714இல் தரங்கம்பாடியில் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல்கூட 'அஞ்சு வேதபொஸ்தகம்' என்றே பெயர் பெற்றது.

இதில் ஒரு பொருள் வேறுபாடு உள்ளது. செய்தி என்பது ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது; கேட்டவர் உடனே இன்னொருவருக்குச் சொல்லலாம். வேதம் என்பது ஓதுவதற்கு உரிமை வேண்டும் என்னும் நினைவைத் தன்னுள் கொண்ட சொல். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அச்சொல்லைத் தெரிந்தே கையாண்டார். உயர்குடியினரை ஈர்க்க அது உதவியது. ஆனால் அதே சொல், யாரிடமிருந்து யார் வேதம் கேட்பது, எவ்வளவு தொலைவில் நின்று கேட்பது என்ற கேள்விகளையும் தன்னோடு தேவாலயத்துக்குள் கொண்டுவந்தது. சுவருக்கான அடித்தளம் சொல்லிலேயே இடப்பட்டுவிட்டது என்று சொன்னால் அது சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும் பின்வரும் சான்றுகள் அத்திசையையே காட்டுகின்றன.

உபதேசியார் என்னும் இடையாள்

புதுச்சேரியில் ஐரோப்பியக் குருக்கள் நேராக மக்களிடம் பேசி அவர்களை வேதத்தில் சேர்த்தார்கள் என்னும் படிமம் பெரும்பாலும் பாரிசில் அச்சிடப்பட்ட 'லெத்ர் எதிஃபியாந்த்' கடிதத் தொகுதிகளின் கொடை. 1702இல் தொடங்கி வெளிவந்த அத்தொகுதிகள் பிரான்சு நாட்டின் பக்தர்களுக்காகவும் கொடையாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை. குரு மையத்தில் நிற்பார்; உபதேசியார் ஓரத்தில் ஒரு துணைவராக வந்துபோவார். நடைமுறை வேறு. மொழி தெரிந்தவர், ஊர் தெரிந்தவர், எந்த வீட்டில் எவருக்கு நோய் என்று அறிந்தவர் உபதேசியார். செபம் கற்பித்தவரும் வழக்குத் தீர்த்தவரும், குரு வரமுடியாத ஊர்களில் சாகக் கிடந்தவர்க்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே.

வீரமாமுனிவர் இதை நன்கு உணர்ந்திருந்தார். 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை அவர் உபதேசியார்களுக்கென்றே எழுதினார். தமிழ் உரைநடை வரலாற்றில் அந்நூலுக்குரிய இடத்தைப் பேசுவோர் அதன் நடையழகில் நின்றுவிடுகின்றனர். ஒரு பணியாளர் பிரிவுக்கென எழுதப்பட்ட ஒழுக்க நூல் என்ற முறையில் அது படிக்கப்படுவது குறைவு. உபதேசியாரை 'வேதியர்' என்று அழைத்ததிலேயே ஒரு துணிவு இருக்கிறது. பார்ப்பனர்க்கு வழங்கிய பெயரை எடுத்து, சம்பளம் பெற்றுச் சேரிக்கும் ஊருக்கும் நடந்து திரிந்த ஒரு மனிதருக்குச் சூட்டினார் அவர். அப்பெயர் அம்மனிதரை உயர்த்தியது. அதே வேளையில், வேதியர் என்ற சொல்லின் பழைய மதிப்பையும் அது உறுதிப்படுத்தியது. இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன.

உபதேசியாரின் செல்வாக்கு எவ்வளவு தொலைவு சென்றது என்பதை நயினியப்பப் பிள்ளையின் வழக்கு காட்டுகிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினரும் கும்பினியின் தலைமைத் துபாஷியுமான நயினியப்பர் 1716இல் ஆளுநர் எபேரின் ஆணையால் சிறைப்பட்டார். கசையடியும் மூன்றாண்டுச் சிறையும் அவருக்கு விதிக்கப்பட்டன. 1717இல் சிறையிலேயே இறந்தார். அவ்வழக்கில் தமிழர் சாட்சியங்களை மொழிபெயர்த்த மனுவேல், இயேசு சபையாரின் தலைமை உபதேசியாருடைய மகன். கிறித்தவர் அல்லாத ஒருவர் தலைமைத் துபாஷியாக இருப்பதை இயேசு சபையார் விரும்பவில்லை என்பது அனைவரும் அறிந்திருந்த ஒன்று. வழக்கின் பிற்பகுதி இன்னும் வியப்பானது. நயினியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். நாட்டின் பதில் அரசராக இருந்த ஓர்லெயான் கோமகனே ஞானத்தந்தையானார். செவாலியே பட்டத்துடன் திரும்பிவந்து தலைமைத் துபாஷியும் ஆனார். தந்தையை வீழ்த்தியவர்களின் சமயத்திலேயே, அவர்களுடைய உதவியின்றி, அவர்களுக்கும் மேலிருந்த வாசல் வழியாக மகன் நுழைந்தார். இந்த மனமாற்றத்தில் உபதேசம் எங்கே இருந்தது என்று கேட்டால் விடை எளிதல்ல.

தானா ஆக்மோன் 2017இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கை மையமாக்கி, வணிகமும் மறைபரப்பும் ஒன்றையொன்று தாங்கிய இரு கைகள் என்னும் எளிய கருத்தை அசைத்தது. துபாஷிகளையும் உபதேசியார்களையும் ஒரே தட்டில் வைத்து இடையாட்கள் என ஆராய்ந்தது அதன் பெரும் பங்களிப்பு. ஆனால் இடையாட்களின் மேல் ஒளி குவியும்போது, அவர்கள் யாருக்கிடையே நின்றார்களோ அவர்களுள் ஒரு தரப்பு மீண்டும் நிழலில் தங்கிவிடுகிறது. கும்பினியிடம் போகத் துபாஷியும், குருவிடம் போக உபதேசியாரும் தேவைப்பட்ட சாதாரண மக்கள், இவர்கள் இருவரையும் தாண்டி நேராகப் பேசியது எப்போது?

1745: சுவர் இடிந்த நாள்

சம்பா கோயில் என்று புதுச்சேரி மக்கள் வழங்குவது சேன் போல் என்னும் பிரெஞ்சுப் பெயரின் தமிழ்த் திரிபு. கப்புச்சின் சபையாரின் கோயில் கப்ஸ் கோயில் ஆனதும் இதே வழியில்தான். ஐரோப்பியரின் ஆன்ம நலம் கப்புச்சின்களிடமும் தமிழரின் ஆன்ம நலம் இயேசு சபையாரிடமும் இருந்தன. சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு புறம் பறையர் எனக் குறிப்பு வழங்கும் மக்கள். மறுபுறம் சாதிக் கிறித்தவர், ஐரோப்பியர், கலப்பினத்தார். 1745 அக்டோபர்ப் பதிவு இச்சுவரைப் பற்றியது.

நிகழ்ச்சியின் சுருக்கம் இது: காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு குரு, சேரிக் கிறித்தவர்களிடம் பேசுகிறார். அவருடைய தூண்டுதலின் பேரில் சேரிவாசிகளும் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்களும் கூட்டமாகச் சென்று பெரிய குருவிடம் முறையிடுகிறார்கள். வேதத்தில் சேர்ந்த அனைவரும் ஒன்றென்றால் எங்களை மட்டும் பிரித்து வைப்பது ஏன் என்பது அவர்கள் வாதம். பெரிய குரு அதன் நியாயத்தை ஏற்கிறார். சுவர் இடிக்கப்படுகிறது. அனைவரும் கலந்து அமர்கின்றனர். அடுத்து, சாதிக் கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய ஆடையும் நகைகளும் வாசனைப் பொருள்களும் அணிந்து பூசைக்கு வர, குரு அவரைக் கடுஞ்சொல்லால் அவமதித்து வெளியேற்றுகிறார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுகிறார்கள். குருவோடு கைகலப்பின் விளிம்பு வரை செல்கிறார்கள். இனிக் கோயிலுக்கு வருவதில்லை என்கிறார்கள். குரு ஆளுநரிடம் முறையிட, கூட்டம் கூடுவோர் சிறைப்படுவர் என்ற எச்சரிக்கை பிறக்கிறது.

இப்பதிவை ஆவணமாக மட்டும் பயன்படுத்தினால், 18ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தில் சாதி இருந்தது என்னும் ஒரு வரிச் செய்தி கிடைக்கும். பனுவலாகப் படித்தால் வேறு பல தெரியவரும்.

முதலாவது, பிள்ளை அங்கே இருந்தவர் அல்லர். அவர் கேட்டதையே எழுதுகிறார். நாட்குறிப்பின் நடை முழுவதும் 'என்று சொன்னார்கள்', 'என்று சொன்னதற்கு' என்னும் கொளுக்கிகளால் கோக்கப்பட்ட நீண்ட தொடர்களால் ஆனது. சந்தையிலும் கோட்டையிலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்டவை, பேசியவரின் குரலோடு அத்தொடர்களுக்குள் வந்து விழுகின்றன. சேரிக் கிறித்தவரின் முறையீடும் அவ்வாறே வருகிறது. பிள்ளைக்கு அவர்கள்மீது பரிவு இருந்தது என்று கருத நாட்குறிப்பு எங்கும் இடம் தரவில்லை. தம் காலத்துச் சாதியுணர்வில் முழுமையாக ஊறியவர் அவர். இருந்தும் அவர்களுடைய வாதத்தை அவர் சிதைக்கவில்லை. அது வாதமாகவே, காரண காரியத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. குருக்களின் கடிதங்களில் இதே மக்கள் கண்ணீர் விடுவோராகவும் மண்டியிடுவோராகவும் வருவர். இங்கே வழக்காடுகிறார்கள்.

இரண்டாவது, வாதத்தின் உள்ளடக்கம். அவர்கள் கூலியோ நிலமோ கேட்கவில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்ட உபதேசத்தையே சான்றாக எடுத்து உபதேசித்தவர்முன் வைத்தார்கள். நற்செய்தி ஒருவழிப் பாதையில் செல்வது என்று மறைபரப்பு வரலாறுகள் கொள்ளும் கருதுகோள் இவ்விடத்தில் தலைகீழாகிறது. அன்று சம்பா கோயிலில் நற்செய்தியை அறிவித்தவர்கள் சுவரின் அப்புறத்திலிருந்து வந்தவர்களே; கேட்டுக்கொண்டவர் பெரிய குரு. காரைக்கால் குருவின் தூண்டுதலைச் சுட்டி, இது அவர்களுடைய குரலே அன்று என வாதிடலாம். பிள்ளையே தூண்டுதலைத்தான் முதலில் எழுதுகிறார். துபாஷி ஒருவரின் கண்ணுக்கு எந்தக் கூட்டத்துக்கும் பின்னால் ஒரு தூண்டுகோல் தெரிவது இயல்பே. ஆனால் தூண்டப்பட்டவர் சொன்ன சொல் தூண்டியவருடையதாகிவிடாது. அப்படிப் பார்த்தால் எந்த உபதேசமும் எவர்க்கும் சொந்தமாகாது.

மூன்றாவது, காலப்பின்னணி. போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1703 நவம்பர் முதல் 1704 ஜூலை வரை புதுச்சேரியில் தங்கி, மலபார்ச் சடங்குகள் எனப்பட்டவற்றைத் தடைசெய்யும் ஆணையை இங்கிருந்தே வெளியிட்டார். சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். நாற்பதாண்டுக் கால இழுபறிக்குப் பிறகு 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணையால் வழக்கை முடித்துவைத்தார். அதிலும், சேரி மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்திக்கொள்ளலாம் என்னும் வழி திறந்தே விடப்பட்டது. அந்த ஆணைக்கும் சுவர் இடிப்புக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு. உரோமையில் இலத்தீனில் நடந்த சொற்போரின் அதிர்வே காரைக்கால் குருவின் துணிவாக வெளிப்பட்டது எனக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

நான்காவது, சுவரை இடிக்கச் செய்த அதே சீர்திருத்த வேகம்தான் ஒரு பெண்ணின் ஆடையின்மீதும் பாய்ந்தது. இதைப் பலர் கடந்துபோகிறார்கள். அல்லது சாதித் திமிருக்குக் கிடைத்த அடியாக ரசிக்கிறார்கள். அந்தப் பெண் தன் சாதி வழக்கப்படி உடுத்தி வந்தவர். சுவரைக் கட்டியவரும் அவர் அல்லர். சாதி ஆண்களின் அதிகாரத்தை நேரில் எதிர்கொள்ள வேண்டிய குரு, அதை ஒரு பெண்ணின் உடலில் எதிர்கொண்டார். சாதிக் கிறித்தவரின் எதிர்ப்பு மொழியும் இதனால் மாறியது. சுவருக்காகத் தெருவில் இறங்குவது அவர்களுக்குக் கடினமாயிருந்திருக்கும். வேதத்தின் முன் அதற்கு வாதம் இல்லை. குடும்ப மானத்துக்காக இறங்குவது எளிது. பதிவின் வரிசையே இதை வெளிப்படுத்துகிறது: சுவர் இடிந்தபோது எழாத கைகள் பெண் அவமதிக்கப்பட்டபோது எழுகின்றன. சேரி மக்களின் வழக்கு இரண்டாம் பாதியில் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது.

ஒழுகரை விருந்து

அதே ஆண்டு நவம்பர் இறுதியில், தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்துபோன தம் மகனின் நினைவாக ஒழுகரையில் கட்டிய அந்திரேயா கோயிலின் விழா நடந்தது. ஊரிலுள்ள பல சாதியாரையும் சமயத்தாரையும் அழைத்து, அவரவர்க்குரிய முறையில் அவர் விருந்தளித்தார். தேவாலய விழாவில் தமிழ் வழக்கப்படியான விருந்து. இரண்டுக்கும் முழுதும் பொருந்தாத ஒன்று எனப் பிள்ளை இதைச் சிறு கசப்புடன் பதிவுசெய்கிறார். போட்டியாளரின் கசப்பு என்று ஒதுக்கிவிட முடியாத கூர்மை அதில் இருக்கிறது.

கனகராய முதலியாரின் விருந்தும் ஒருவகையில் நற்செய்தி அறிவிப்பே. சொல்லால் அன்றிச் செல்வத்தாலும் உபசரிப்பாலும் தம் வேதத்தின் மதிப்பை ஊரார்முன் நிறுத்தினார். ஒருவரின் சாதியைத் தொடாமல் அவரைத் தேவாலய முற்றம் வரை அழைத்துவரலாம் என்று அவ்விருந்து சொல்லியது. ஆறு வாரங்களுக்கு முன் சம்பா கோயிலில் எழுந்த கேள்விக்கு, அதே கோயிலின் முதன்மைக் கிறித்தவர் அளித்த மறுமொழி என்றும் இதனைப் படிக்க முடியும். தமிழ்க் கத்தோலிக்கத்தின் பெரும் பகுதி பின்னாளில் சென்றது இந்த வழியில்தான். 1746 பிப்ரவரியில் முதலியார் இறந்தார். அவரது இடத்துக்குக் கிறித்தவர் ஒருவரே வரவேண்டும் என்ற முயற்சிகளையும், அவற்றையும் மீறி அப்பதவி தமக்கு வந்ததையும் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

1748 மறுவாசிப்பு

இப்போது 1748 செப்டம்பருக்கு வரலாம். போஸ்கவனின் ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் துய்ப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் மனைவிக்கும் இயேசு சபையாருக்கும் இதிலிருந்த பங்கையும், குரு கேர்தூ கருவறையில் நடந்துகொண்ட முறையையும் பிள்ளை வேதனையுடன் எழுதுகிறார். அரை நூற்றாண்டாகக் குருக்கள் கேட்டுவந்ததை முந்தைய ஆளுநர்கள் வணிகத்துக்கு அஞ்சி மறுத்ததையும் நினைவுகூர்கிறார். மசூதியையும் இடிக்க முற்பட்டபோது சிப்பாய்ப் படைத்தலைவர் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டதைக் குறிப்பிடுகிறார். கையில் படை இருந்தவர் கோயில் தப்பியது. சமயத்தைப் பற்றியதாகத் தோன்றும் இப்பதிவு உண்மையில் அதிகாரத்தின் கணக்கு.

இங்குள்ள கேர்தூவும், சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் பிரான்சுக்கு எழுதியனுப்பிய மொழியறிஞர் கேர்தூவும் ஒருவரே. மொழியியல் வரலாற்றில் ஒரு கேர்தூ, நாட்குறிப்பில் ஒரு கேர்தூ என நம் துறைகள் அவரைப் பிரித்து வைத்திருப்பது வசதியான ஏற்பாடு. மொழியின்மீதிருந்த அவருடைய மதிப்பு, அம்மொழி பேசுவோரின் வழிபாட்டிடம் வரை நீளவில்லை.

சுவர் இடிப்பையும் கோயில் இடிப்பையும் அருகருகே வைத்தால் மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே நிறுவனம் இரு வகையாகச் செயல்பட்டது தெரியும். முதலாவதில் உள்ளிருந்து எழுந்த வாதத்துக்கு அது இசைந்தது. சாதியாரின் சினத்தைச் சந்தித்தது. இரண்டாவதில் வாதமே இல்லை. முற்றுகைக்கால ஆணை மட்டும் இருந்தது. முதலாவதை நற்செய்தி என்றும் இரண்டாவதை அரசியல் என்றும் பிரிப்பதும் பொருந்தாது. கூட்டம் கூடினால் சிறை என்ற ஆளுநரின் எச்சரிக்கை முதலாவதிலும் உண்டு. புதுச்சேரி மறைபரப்பில் கோட்டையின் நிழல் படாத நிகழ்ச்சி அரிது. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை இந்நாட்குறிப்பின் மேல் எழுப்பியபோது பிடித்துக்கொண்டது இந்த நிழலைத்தான்.

அச்சுக்குப் பின்

1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் இங்கிருந்த அச்சு எந்திரத்தைச் சென்னைக்கு எடுத்துச்சென்றனர். அது வேப்பேரியில் லுத்தரன் போதகர் பப்ரிசியசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்க நகரத்தின் எந்திரம் சீர்திருத்தச் சபையின் நூல்களை அச்சிட்டது ஒரு வேடிக்கை. புதுச்சேரி மறைபரப்பு தனக்கென ஓர் அச்சகம் பெற 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருந்தது. பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த துய்புயி குரு அப்பணியில் முன்நின்றார். தேம்பாவணி முழுமையாக அச்சேறியது அவ்வச்சகத்தின் பெரும் பேறு.

இடையில் 1823இல் துபுவா பாதிரியார் இலண்டனில் வெளியிட்ட கடிதங்கள், இந்துக்களை மனமாற்றும் முயற்சி இனிப் பலிக்காது என்று அறிவித்தன. முப்பதாண்டுகள் இந்நாட்டில் உழைத்த ஒருவரின் கைவிரிப்பு அது. மறுப்புகள் உடனே எழுந்தன. துபுவா அளந்தது உயர்சாதியாரின் மனத்தை. அவர்கள் வரவில்லை என்றால் யாரும் வரவில்லை என்பதே அவரது கணக்கு. ஏற்கெனவே வந்து, சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. நோபிலி தொடங்கிவைத்த பார்வையின் கடைசி எல்லை இது எனலாம்.

1745 பதிவோடு பொருத்திப் பார்க்க வேண்டிய அண்மை நிகழ்ச்சி ஒன்றுண்டு. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப்பங்காக அறிவிக்கக் கோரினர். வன்னியக் கிறித்தவர்களோடு மோதல் முற்றி, 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். சம்பா கோயிலில் சுவரை அகற்றும்படி கேட்ட மக்களின் வழிவந்தோர், எறையூரில் தங்களுக்கெனத் தனிக் கோயில் கேட்டார்கள். பிரிந்து போவதற்கான கோரிக்கை என ஊடகங்கள் இதை எழுதின. 1745இன் வாதத்தை மறந்தால்தான் அவ்வாறு எழுத முடியும். அன்று முறையிட்டவர்களின் பெயர்கள் நாட்குறிப்பில் இல்லை. சேரி என்றும் வேலைக்காரர் என்றும் தொகுதியாகவே வருகிறார்கள். அவமதிக்கப்பட்ட பெண்ணோ கணவர், உறவினர் பெயர்களால் அடையாளம் பெறுகிறார்; அவருடைய பெயரும் இல்லை. பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் நாட்குறிப்போடு சேர்த்துப் படிக்கப்படுமானால், அக்கூட்டத்தின் தெருக்களையும் குடும்பங்களையும் ஓரளவேனும் அடையாளம் காண இயலும்.